முதியோர் இல்லத்தில் கவனிப்பு சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, யாரிடம் போவது?

13 ஏப்ரல் 2025, பேரணாம்பட்டு வாசகி கேட்டது

மாமியாருக்கு 78 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து எழுந்து நடப்பதில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். வாலாஜா பக்கம் ஒரு இல்லத்தில் மாதம் 16,000 ரூபாய் கட்டி வைத்திருக்கிறோம். இன்று நானே புடவை மாற்றிவிடலாம் என்று போனால் இடுப்புக்குக் கீழே புண். கேட்டால் "வயசானா வரும்மா, இன்னா பண்றது" என்கிறார்கள். 2007ஆம் வருடச் சட்டத்தில் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால் இல்லத்தின் மேல் நடவடிக்கை எடுப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். நிஜமா? நேராக போலீஸுக்கே போய்விடலாமா?

13 ஏப்ரல், இரவு

மனுவும் போலீஸும் அப்புறம். நாளைக் காலையில் அவரை டாக்டரிடம் காட்டுங்கள். வாலாஜா அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியும் ரொம்பத் தூரமில்லை. தமிழ்ப் புத்தாண்டு லீவு, நாளன்னிக்குப் பார்க்கலாம் என்று இல்லத்தில் சொல்வார்கள். அவசரப் பிரிவுக்கு ஏது லீவு?

"புண் இருக்கு, மருந்து கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த இல்லம், எப்போதிலிருந்து இருக்கிறார், நீங்கள் புண்ணை முதலில் பார்த்தது எப்போது, அங்கே என்ன சொன்னார்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். புண் எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு ஆழம் என்று சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். கவனிக்காமல் விட்டதால் வந்தது என்று சந்தேகம் இருந்தால் அதைச் சொல்லி ஏ.ஆர். (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) போடவும் கேட்கலாம். அந்தப் பதிவேட்டில் ஏறினால் காவல் நிலையத்துக்கு அங்கிருந்தே தகவல் போகும். நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எடுக்கும் போட்டோ வேறு, டாக்டர் எழுதும் சீட்டு வேறு. பின்னால் எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் கேட்பது இரண்டாவதைத்தான்.

14 ஏப்ரல்

"வயசானா வரும்" என்பதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றிச் சொல்கிறேன்.

படுக்கைப் புண் வயதால் வருவதில்லை, ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தால் வருகிறது. வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, இந்த மூன்றையும் எப்போதும் பாருங்கள். முதலில் தோல் சிவந்து போகும். விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காது. நம்மைப் போல் கருத்த தோலில் சிவப்பு தெரியாது, அந்த இடம் கறுத்தோ சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அடுத்தது மேல்தோல் உரியும். மூன்றாவது கட்டத்தில் கொழுப்பு வரை குழியும். நான்காவதில் தசை, எலும்பு. முதல் கட்டத்தில் பார்த்துப் புரட்டிப் படுக்க வைத்தால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். படுத்தே கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுவது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நல்ல இல்லத்தில் அதற்கென்று ஒரு தாள் கட்டில் தலைமாட்டில் தொங்கும், நேரமும் கையெழுத்துமாக.

இல்லத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ராத்திரியில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள்? இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் பூஜை அறையைக் காட்டினால் புரிந்துகொள்ளுங்கள்.

14 ஏப்ரல், மாலை

ஒன்றைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. சர்க்கரை இருப்பவர்கள், சத்து குறைந்தவர்கள், கடைசி வாரங்களில் இருப்பவர்கள், இவர்களுக்கு எவ்வளவு பார்த்தாலும் புண் வந்துவிடுவது உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கையைப் பிடித்துத் தூக்கினாலே கன்றிப் போகும். மறதி நோய் முற்றினால் எடை குறையும். ஆகவே புண்ணைப் பார்த்தவுடன் ஆயாம்மா மேல் பாயாதீர்கள். அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது சொற்பச் சம்பளம், ராத்திரி முழுக்க ஒரே ஆளாக ஒரு ஹாலையே பார்க்கிறாள்.

புண் வந்ததா என்பதை விட, வந்தது அவர்களுக்குத் தெரிந்ததா, தெரிந்த பிறகு டாக்டரைக் கூப்பிட்டார்களா, உங்களுக்குப் போன் செய்தார்களா என்பதுதான் என் கேள்வி. மறைத்திருந்தால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம். சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் பார்க்கிறது, அதற்கு வருகிறேன்.

16 ஏப்ரல்

2007 சட்டம். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 முக்கியமாகப் பிள்ளைகளுக்கும் வாரிசுகளுக்கும் எதிரானது. பிள்ளை சோறு போடவில்லை என்றால் பெற்றவர் கோட்டாட்சியரிடம், அதாவது நீங்கள் சொன்ன ஆர்.டி.ஓ.விடம், மனு கொடுக்கலாம். அவர்தான் நம் ஊரில் தீர்ப்பாயம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிடலாம். பிள்ளையில்லாதவர்கள், தங்கள் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினர் மேல் கேட்கலாம். பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்து, அவன் பார்க்காமல் விட்டால் 23ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்ட இல்லத்திடம் நஷ்டஈடு வாங்கித் தர அதில் வழி இல்லை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் ஒருநாள் உங்களுக்கே நோட்டீஸ் வரும், "நீங்கள் ஏன் வீட்டில் வைத்துப் பார்க்கவில்லை" என்று. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அப்படி மாட்டிக்கொண்டவரை எனக்குத் தெரியும்.

இல்லத்தின் மேல் புகார் போக வேண்டிய இடம் மாவட்ட சமூக நல அலுவலகம். முதியோர் இல்லங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆட்சியர்கள் அவ்வப்போது அறிவிப்பு விடுவதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். உங்கள் இல்லம் பதிவு செய்ததா, கடைசியாக யார் வந்து ஆய்வு செய்தார்கள், அறிக்கை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். போர்டில் நர்சிங் ஹோம், மருத்துவமனை என்று போட்டு ஊசி, டிரிப் எல்லாம் ஏற்றுகிற இடமாக இருந்தால் அது 1997ஆம் வருட மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். அதற்கு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்.

எந்த மாவட்டம் என்பதையும் பாருங்கள். 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்த பிறகு வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டம், நீங்கள் இருக்கும் பேரணாம்பட்டு வேலூர் மாவட்டம். சத்துவாச்சாரியில் இருக்கும் வேலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாளில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, "இது ராணிப்பேட்டை சார்" என்று திருப்பி அனுப்பப்படாதீர்கள். 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இன்னும் முகவரி எழுதுகிற எங்கள் மாமா மாதிரி ஆட்களுக்கு இது தனிப் பிரச்சினை.

17 ஏப்ரல்

கீழே ஒருவர் "ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனேன், லைசென்ஸ் புதுப்பிக்க வந்தீங்களா என்றார்கள்" என்று எழுதியிருக்கிறார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இல்லை ஐயா. வருவாய்க் கோட்டாட்சியர்.

20 ஏப்ரல்

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெரியம்மா. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பெரியப்பா இறந்துவிட்டார், பிள்ளை கிடையாது. ஆற்காட்டுப் பக்கம் ஓர் இல்லத்தில் இருந்தார். பென்ஷன் போதாமல் மீதிப் பணத்தை நான் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை போவோம். முன் வராந்தாவில் நாற்காலி போட்டு, பவுடர் பூசி, துவைத்த புடவையில் உட்கார வைத்திருப்பார்கள். பெரியம்மாவின் ஒரே புகார் கத்திரிக்காய். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் விளைகிற ஜில்லாவில் இருந்துகொண்டு இவர்கள் வெந்நீரில் போட்ட கத்திரிக்காய் கொடுக்கிறார்கள் என்பார். (அதற்குப் பின்னாளில் புவிசார் குறியீடு கிடைத்தபோது வீட்டில் எல்லோரும் அவரைத்தான் நினைத்தோம்.) டீச்சர் குறை சொல்லாமல் இருக்க மாட்டார் என்று நாங்களும் சிரித்துவிட்டு வருவோம். ரவிக்கையை இரண்டு பக்கமும் ஊக்கு குத்திப் பிடித்து வைத்திருந்ததை என் மனைவிதான் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை அது.

ஒரு மாதத்தில் எடையில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் தானாகக் குறைந்தால் டாக்டர்கள் அதைச் சும்மா விடுவதில்லை. 50 கிலோ ஆளுக்கு ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ. இல்லத்தில் எடை போடுகிறார்களா, நோட்டில் எழுதுகிறார்களா என்று கேளுங்கள். எங்கள் இல்லத்தில் எடை மெஷின் இருந்தது, மேலே தினசரிப் பேப்பர் அடுக்கியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல், காலை பதினொரு மணிக்குப் போனேன். வராந்தாவில் யாரும் இல்லை. உள்ளே பெரியம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் கண் திறந்து மூடுகிறார். ஹாலில் பாதிப் பேர் அப்படித்தான். மாத்திரை டப்பாவில் எங்கள் டாக்டர் எழுதாத ஒரு பட்டை இருந்தது. "ராத்திரி கத்தறாங்க சார், அதான்" என்றார் மேலாளர். ஏ.டி.எம். கார்டும் அவர் மேஜை டிராயரில், "வசதிக்காக".

சொல்லாமல் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். படுத்தபடியே வாயில் ஊட்டுகிறார்களா பாருங்கள், அப்படி ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மணிக்கட்டில் துணி கட்டிய தடம் இருக்கிறதா பாருங்கள். பல் செட், கண்ணாடி, காது மெஷின் இருக்கிறதா பாருங்கள். பல் செட் காணாமல் போன பிறகு யாரும் தேடவில்லை என்றால் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் பார்க்கவில்லை என்று பொருள். பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசுங்கள், அவர் சொல்வார்.

22 ஏப்ரல்

நான் போன வாசல் நுகர்வோர் ஆணையம். பலருக்கு மிக்ஸி, செல்போன் கேஸ்தான் அங்கே நடக்கும் என்று நினைப்பு. காசு கொடுத்து வாங்கும் சேவையும் அதில் அடங்கும். 1995இலேயே உச்ச நீதிமன்றம் காசு வாங்கிச் செய்யும் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. முழுக்க இலவசமாக வைத்துப் பார்க்கும் தரும இல்லத்துக்கு இது பொருந்தாது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவைக் குறைபாடு' என்பதில் அஜாக்கிரதையும் உண்டு, சொல்ல வேண்டிய விவரத்தை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதும் உண்டு. புண்ணை மறைத்தார்களா என்று நான் மேலே கேட்டது இதனால்தான்.

வேண்டிய விவரம்: பணம் கட்டியவரும் நுகர்வோர், அதன் பலனைப் பெற வேண்டியவரும் நுகர்வோர். ஆகவே மகன்தான் போட வேண்டும் என்பதில்லை, நான் பெரியம்மாவுக்காகப் போட்டேன். அவர் இறந்துவிட்டால் வாரிசுகள் தொடரலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ராணிப்பேட்டைக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. கேட்கிற நஷ்டஈட்டை வைத்து அல்ல, கட்டிய பணத்தை வைத்துத்தான் அந்தக் கணக்கு. வக்கீல் கட்டாயமில்லை. நோட்டீஸ் கிடைத்தால் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் போட வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது.

சேர்க்கும்போது வாங்கிய கையெழுத்தில் "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று இருக்கிறதே என்கிறீர்களா? எங்களுடையதிலும் இருந்தது. அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அப்படி எழுதி வாங்கியதாலேயே வழக்கு ஓடாமல் போவதில்லை.

எங்கள் வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. சமரசத்தில் அட்வான்ஸும் சில மாதக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் திரும்ப வந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். அந்த மேலாளர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் புது ஆள் சேர்த்திருப்பார்.

23 ஏப்ரல்

போலீஸ் பற்றி. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. அதில் 357ஆம் பிரிவை நிறைய வக்கீல்களே மறந்திருப்பார்கள்: நோயாலோ பலவீனத்தாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிக்கிறேன் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம் நிலைமைக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். ஆனால் சிறிய குற்றம். இதற்கு நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வார்கள்.

அஜாக்கிரதையால் உயிருக்கு ஆபத்து உண்டாக்கிக் காயம் ஏற்படுத்துவது 125ஆம் பிரிவு. கொடுங்காயமானால் மூன்று வருடம் வரை. 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும் கொடுங்காயம்தான், எலும்பு முறிய வேண்டும் என்பதில்லை. எலும்பு தெரியும் புண்ணோடு கிடந்தவருக்கு இதை எடுத்துச் சொல்லலாம். இதற்கு எஃப்.ஐ.ஆர். போடலாம், எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை பார்க்கக் கூடாது. நடைமுறையில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீதுதான் (புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு) தருவார்கள். அதையாவது வாங்காமல் திரும்பாதீர்கள்.

நுகர்வோர் வழக்கும் போலீஸ் புகாரும் ஒன்றையொன்று தடுக்காது, சேர்ந்தே நடத்தலாம். என்னைக் கேட்டால், புண் மூன்றாம் கட்டத்துக்கு மேல், எலும்பு முறிவு, கட்டிப்போட்டது, அடித்தது, இதற்கெல்லாம் போலீஸ். மற்றதற்கு ஆணையம்.

23 ஏப்ரல், பின்னிரவு

'வேண்டுமென்றே' என்ற சொல் 357இல் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு ஆள் இல்லாமல் கஷ்டப்பட்ட இல்லத்தின் மேல் அது நிற்பது கடினம். நீங்கள் எழுத்தில் சொல்லி, அதற்குப் பிறகும் செய்யாமல் விட்டிருந்தால் கதை வேறு. அதனால்தான் வாயால் சண்டை போடாமல் வாட்ஸ்அப்பில் தேதியோடு எழுதிக் கேட்கச் சொல்கிறேன். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போன் மாற்றினால் பழைய போனை வைத்திருங்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63ஆம் பிரிவுச் சான்று கேட்பார்கள்.

27 ஏப்ரல்

பேரணாம்பட்டு அம்மா எழுதியிருக்கிறார்: டாக்டர் மூன்றாம் கட்டம் என்று எழுதிக் கொடுத்தாராம், ஏ.ஆர். போட்டாயிற்று. அதைக் கேள்விப்பட்ட இல்ல நிர்வாகி, "நீங்கதான் கிழவியைக் கொண்டாந்து தள்ளிட்டுப் போனீங்க, உங்க மேலயே கேஸ் போடுவேன்" என்று மிரட்டினாராம்.

2007 சட்டத்தின் 24ஆம் பிரிவைத்தான் சொல்கிறார். முழுசாகக் கைவிடும் எண்ணத்தோடு ஓரிடத்தில் விட்டுப்போவதுதான் அதில் குற்றம். மாதா மாதம் பணம் கட்டி, வந்து பார்த்து, புடவை மாற்றிவிட்டவர் எப்படிக் கைவிட்டவர் ஆவார்? வங்கிக் கணக்குப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும். முடிந்தால் அந்த மிரட்டலையும் எழுத்தில் வரும்படி செய்யுங்கள்.

4 மே

கத்திரி தொடங்கிவிட்டது. வேலூரில் இனி மூன்று வாரம் கோழிகூட வெளியே வராது. இல்லத்தில் யாராவது இருந்தால் இந்த மாதம் ஒரு முறையாவது அதிகமாகப் போங்கள். வயதானவர்களுக்குத் தாகமே எடுக்காது. நாக்கு வறண்டிருக்கிறதா, சிறுநீர் கடும் மஞ்சளா, நேற்றுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டவர் இன்று உளறுகிறாரா, இதைப் பாருங்கள். திடீர்க் குழப்பம் என்றால் மறதி நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், நீர்ச்சத்து குறைந்தாலும் சிறுநீர்த் தொற்று வந்தாலும் அப்படித்தான் இருக்கும். சில இடங்களில் டயபர் மாற்றும் வேலையை மிச்சம் பிடிக்க மாலைக்கு மேல் தண்ணீரே கொடுப்பதில்லை. கேட்டால் மறுப்பார்கள். படுக்கைக்கு எட்டும் தூரத்தில் தம்ளர் இருக்கிறதா என்று பாருங்கள், அது பொய் சொல்லாது.

11 மே

ஒருவர் தனியாகக் கேட்டது, பெயர் வேண்டாம் என்றார். அப்பா இல்லத்தில் இறந்துவிட்டார், காலையில் போன், மதியம் எடுத்துவிட்டார்கள், இப்போது சந்தேகம் வருகிறது.

இதற்கு இனிமையான பதில் இல்லை. சந்தேகம் இருந்தால் எடுப்பதற்கு முன் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் விசாரித்துப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் "போன உசுரை அறுக்காதீங்க" என்பார்கள், அதை மீறுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இப்போதும் அவரிடம் எதுவும் இல்லாமல் போகவில்லை. கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்கலாம், 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. வாரிசாக நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அப்பாவின் பக்கத்துக் கட்டில்காரர் இன்னும் அங்கே இருந்தால் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்.

12 மே

வக்கீல் செலவுக்கு என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டாயிற்று. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, ஆகவே மருமகள் பெயரில் மனு போவது வசதி. போன் 15100. முதியோர் உதவி எண் 14567. நுகர்வோர் உதவி எண் 1915.

1 ஜூன்

பேரணாம்பட்டிலிருந்து தகவல். மாமியாரை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்கள், காற்று மெத்தை வாங்கியிருக்கிறார்கள், புண் ஆறிவருகிறது. பகலில் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஒரு பெண். நுகர்வோர் மனு தயாராகிறது. "ஏஜென்சிப் பெண் சரியில்லை என்றாலும் இதே சட்டம்தானா" என்று கேட்கிறார்.

இதே சட்டம்தான், ரசீது இருந்தால். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், ஏஜென்சி கணக்கில் போடுங்கள். அந்தப் பெண்ணின் ஆதார் நகலும் வாங்கி வையுங்கள். மத்தியானம் ஒரு நாள் சொல்லாமல் வீட்டுக்கு வந்து பாருங்கள்.